குரலைத் தொழிலாகக் கொண்டவர்

பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுனில் மாலை வேளையில் உலவுகின்ற தமிழர் ஒருவர், தாம் வேற்று மாநிலத்தில் இருக்கிறோம் என்ற நினைவு சிறிதுமின்றி ஒரு தெருவைக் கடந்துவிடக் கூடும். சென்ற நூற்றாண்டிற்கும் முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தில், அல்சூரை அடுத்துக் கன்டோன்மென்ட் எழுந்த காலந்தொட்டே, சென்னைப் படைகளைத் தொடர்ந்து சிப்பாய்களும் கொத்தர்களும் வணிகர்களும் இப்பக்கத்தில் குடியேறினர். பிரேசர் டவுன், காக்ஸ் டவுன், ரிச்சர்ட்ஸ் டவுன் எனத் துரைமார் பெயர் தாங்கிய பேட்டைகள் பின்னர் தோன்றின. பெயர்தான் துரையுடையது, திண்ணைப் பேச்சு பல இடங்களில் தமிழே.

இத்தகைய வீடுகளில் வளர்ந்தோர்க்கு நேர்முக வருணனை என்ற சொல்லைக் கேட்டவுடன் பழைய வானொலிப் பெட்டி நினைவுக்கு வரும். பொங்கலையொட்டிச் சேப்பாக்கத்தில் டெஸ்ட் பந்தயம் நடைபெறும் நாட்களில், சென்னை நிலையத்தைத் தேடிக் குமிழைத் திருகிக்கொண்டிருந்த பெரியவர்கள் பலர். 2020-ஆம் ஆண்டில் காலமான சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் போன்றோரின் குரலில் பந்து எழும்பியதையும் மட்டை சுழன்றதையும் அவர்கள் காதாலேயே கண்டார்கள்.

வானொலியில் பேசுபவர் வாய் மூடினால் நேயருக்கு மைதானமே மறைந்துபோகும். ஆதலால் அவர் இடைவிடாது பேசியாக வேண்டும். 1934-ஆம் ஆண்டில் பம்பாயில் பார்சிகளுக்கும் முஸ்லிம்களுக்கும் நடந்த கிரிக்கெட் பந்தயத்தை வருணித்த ஏ. எஃப். எஸ். தல்யார்கான், துணைக்கு ஒருவருமின்றி நாள் முழுவதும் தாமே பேசக் கூடியவர். தொலைக்காட்சியிலோ பந்து போன திசையைப் பார்ப்பவரே காண்கிறார். அவர் கண்ணுக்குத் தெரிவதையே மீண்டும் சொன்னால் சலிப்புத்தான் மிஞ்சும். இங்கே எப்போது பேசாதிருப்பது என்பதை அறிவதே முதற்பாடம்.

இதனினும் கடினமானது நிகழ்ச்சியை நடத்திச் செல்பவரின் வேலை. அவர் காதில் சிறு கருவி ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். எதிரில் அமர்ந்த விருந்தாளி பேசிக்கொண்டிருக்கையிலேயே, விளம்பரத்திற்கு இன்னும் பத்து விநாடி, ஒன்பது, எட்டு என்று தயாரிப்பாளர் அதில் எண்ணிக்கொண்டிருப்பார். விருந்தாளியின் பேச்சையும் கேட்க வேண்டும். காதில் விழும் எண்ணையும் கேட்க வேண்டும். அடுத்த வினாவையும் மனத்தில் அமைத்துக்கொள்ள வேண்டும். முகத்தில் மட்டும் பரபரப்புத் தெரியலாகாது. ஒரே வேளையில் இரண்டு பேச்சைக் கேட்டுப் பழகாதவர் இப்பணியில் நிலைப்பது அரிது.

இத்தொழிலில் நெடுநாள் நிலைத்த ஒருவர் பெங்களூரிலேயே வசிப்பவராக அமைந்தது நமக்கு வசதியாயிற்று. அவர் சாரு சர்மா. 2003-ஆம் ஆண்டில் தென்னாப்பிரிக்காவில் உலகக் கோப்பைக் கிரிக்கெட் நடந்தபோது, செட் மேக்ஸ் அலைவரிசையில் மந்திரா பேடியுடன் அமர்ந்து நிகழ்ச்சியை நடத்தியவர் என்று சொன்னால் பலருக்கு முகம் நினைவு வரும். கிரிக்கெட்டைக் கண்டிராத குடும்பத்தினரையும் பெட்டியின் முன் உட்கார வைக்க முயன்ற நிகழ்ச்சி அது. கிரிக்கெட் அறிந்தோர் சிலர் முகம் சுளித்தார்கள். அதன்பின் வந்த விளையாட்டு நிகழ்ச்சிகள் பலவும் அவ்வழியே சென்றன என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

2008-ஆம் ஆண்டில் இந்தியன் பிரிமியர் லீக் தொடங்கியபோது, பெங்களூர் அணியின் தலைமை நிர்வாகியாக அவர் அமர்ந்தார். ஏப்ரல் 18-ஆம் தேதி சின்னசாமி மைதானத்தில் முதற்பந்தயம். கொல்கத்தா அணியின் மெக்கல்லம் ஆட்டமிழக்காமல் 158 ஓட்டங்கள் எடுத்தார். பெங்களூர் அணி 82 ஓட்டங்களில் சுருண்டது. தோல்விகள் தொடர்ந்தன. பருவம் முடியுமுன்னரே அப்பதவி சர்மாவை விட்டு நீங்கியது. அவ்விடத்திற்கு வந்தவர் பழைய டெஸ்ட் ஆட்டக்காரர் பிரிஜேஷ் படேல். இப்பெயரை நேயர்கள் நினைவில் வைத்திருப்பார்களாக.

பிறர் ஆட்டத்தைப் பற்றிப் பேசியே பிழைப்பவன், ஆட்டத்தின் பொறுப்பைத் தோளில் ஏற்றால் இத்தகைய அடி விழுவது புதிதன்று. அடி விழுந்தபின் அவர் மீண்டும் தம் குரலையே நம்பினார் என்பதை விட, அதற்கு முன்பே கண்ட ஒன்றை மறவாதிருந்தார் என்பதே எனக்கு வியப்பாக இருக்கிறது. 2006-ஆம் ஆண்டில் தோஹா நகரில் ஆசிய விளையாட்டுகள் நடந்தன. அங்கே கபடிப் பந்தயங்களை வருணித்த சர்மா, அவ்வாட்டம் பார்ப்போரைக் கவர்ந்ததைக் கண்டார். அந்த நினைவு எட்டாண்டுகளுக்குப் பின் பலித்தது. தொழிலதிபர் ஆனந்த் மகிந்திராவுடன் சேர்ந்து அவர் உருவாக்கிய புரோ கபடி லீக், 2014 ஜூலை 26-இல் மும்பையில் தொடங்கியது.

சடுகுடு என்று நாம் சொல்லும் ஆட்டந்தான். மாரியம்மன் திருவிழாவில் மண்ணைக் கொத்திக் கோடு கிழித்து ஆடியது. அதைத் தொலைக்காட்சிக்கு ஏற்றதாக்கியது எவ்வாறு என்பதில்தான் வருணனையாளரின் கண் தெரிகிறது. புழுதி போய் அரங்கினுள் விரிப்பு வந்தது. பாடி வருபவனுக்கு 30 விநாடிதான். அது திரையில் ஓடிக்கொண்டேயிருக்கும். தொடர்ந்து இரு முறை வெறுங்கையுடன் திரும்பிய அணி, மூன்றாம் முறை புள்ளி எடுத்தாக வேண்டும். இன்றேல் பாடப் போனவன் வெளியேற வேண்டியதே. இரு பக்கமும் ஏழு பேர், மொத்தம் 40 நிமிடம். ஆட்டத்தின் அடியில் கிடந்த பரபரப்பை எவரும் காணும்படி வெளியே எடுத்து வைத்தார்கள். கால்நடையாய்க் கிராமந்தோறும் ஆடித் திரிந்த இளைஞர் கையில் முதன்முறையாக லட்சக்கணக்கில் ஊதியம் வந்தது. 2017-இல் தமிழ் தலைவாஸ் அணியும் சேர்ந்தது. அவ்வாண்டே ஸ்டார் ஸ்போர்ட்ஸ் தமிழ் அலைவரிசையும் பிறந்தது. பெங்களூர் புல்ஸ் அணியோ 2019 ஜனவரியில் கோப்பையையே வென்றது. ரிச்சர்ட்ஸ் டவுன் தமிழர் எவ்வணிக்குக் கைதட்டுவது என்பது அவரவர் வீட்டு வழக்கு. நாம் அதில் தலையிட வேண்டாம்.

2022 பிப்ரவரி 12-ஆம் தேதிக்கு வருவோம். பெங்களூர் விடுதி ஒன்றில் ஐ. பி. எல். ஏலம் நடந்துகொண்டிருந்தது. இலங்கை வீரர் வனிந்து ஹசரங்காவுக்கு விலை ஏறிக்கொண்டிருந்த வேளையில், ஏலம் விட்டுக்கொண்டிருந்த ஆங்கிலேயர் ஹியூ எட்மீட்ஸ் மேடையிலேயே மயங்கி விழுந்தார். இரத்த அழுத்தம் திடீரெனத் தாழ்ந்ததே காரணம். அவர் பின்னர் நலமடைந்தார். ஆயின் நாடு முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க, பத்து அணிகள் காத்திருக்க, ஏலம் விட ஆளில்லை. அப்போது ஐ. பி. எல். தலைவராயிருந்த பிரிஜேஷ் படேல் தொலைபேசியை எடுத்தார். அழைத்தது சாரு சர்மாவை.

பகலுணவு வேளையில் வீட்டிலிருந்த மனிதர், சற்று நேரத்திற்கெல்லாம் சுத்தியலுடன் மேடையில் நின்றார். ஒத்திகை இல்லை. வீரர் பெயர், அடிப்படை விலை, பத்து மேசைகளில் எந்த அட்டை எப்போது உயர்கிறது என்ற கவனம், கேட்ட தொகையைப் பிசகாமல் திருப்பிச் சொல்லுதல் யாவும் ஒரே மூச்சில் நடக்க வேண்டும். காதில் ஒன்று, கண்ணில் ஒன்று, நாவில் ஒன்று என ஆண்டுக்கணக்கில் பழகியவருக்கு அது புதுத் தொழிலாகத் தோன்றவில்லை. ஹசரங்கா 10 கோடியே 75 லட்சத்திற்குப் பெங்களூர் அணிக்கே போனார். இரண்டு நாட்களில் 204 வீரர்கள் விலைபோயினர். மறுநாள் கலீல் அகமதின் ஏலத்தில், கடைசித் தொகையைக் கேட்டவர் யார் என்பதில் சர்மாவுக்குத் தவறு நேர்ந்தது. அதையும் அவர் பின்னர் மறைக்கவில்லை. ஏலம் முடியும் தறுவாயில் எட்மீட்ஸ் மேடைக்குத் திரும்பிவர, சர்மா சுத்தியலை அவர் கையில் கொடுத்து விலகினார்.

அந்த இரண்டு நாட்களிலும் அதே பெங்களூரின் மறு கோடியில், ஒயிட்ஃபீல்டில், பெருந்தொற்றின் காரணமாக ஓரிடத்திலேயே அடைக்கப்பட்ட கபடி லீக் நடந்துகொண்டிருந்தது.