ஆயிரம் முகம் கொண்ட நடிகர்

ஒரு படத்தில் கூனன். இன்னொரு படத்தில் கால் இழந்த கொள்ளைக்காரன். மற்றொன்றில் மண்டை ஓடு போன்ற முகம்! எல்லாம் ஒரே ஆள்தான். ஹாலிவுட்டின் ஊமைப்படக் காலத்தில் புகழ்பெற்ற குணச்சித்திர நடிகர் லான் சேனி. ரசிகர்கள் அவருக்குச் சூட்டிய பட்டம், "ஆயிரம் முகம் கொண்ட மனிதர்."

அந்தக் கலையை அவர் எங்கே கற்றார் தெரியுமா? வீட்டில்தான்!

அமெரிக்காவில் கொலராடோ ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில் 1883-ஆம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி அவர் பிறந்தார். தாய், தந்தை இருவருக்குமே காது கேளாது. வீட்டில் பேச்செல்லாம் கையாலும் முகத்தாலும்தான்.

சிறு வயதிலேயே ஒரு சோதனை வந்தது. தாய் நோயில் விழுந்து படுத்த படுக்கையானார். சேனி பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு தாய்க்குப் பணிவிடை செய்தார். ஊரில் நடந்ததையெல்லாம் கட்டில் அருகே நின்று நடித்துக் காட்டுவார். தாயின் முகத்தில் சிரிப்பு மலரும். அதுதான் அவருடைய முதல் மேடை!

வலியோடு நடிப்பு

பிறகு நாடகக் கொட்டகையில் எடுபிடி வேலை, அப்புறம் நடிகர், அதன் பின் சினிமா. முதலில் கிடைத்தவை சின்னச் சின்ன வேடங்கள். தன் ஒப்பனையைத் தானே செய்துகொள்வார்.

1920-ல் வெளிவந்த "தி பெனால்டி" படத்தில் கால் இழந்தவராக நடிக்க வேண்டும். கால்களைப் பின்புறமாக மடக்கி, தோல் வாரால் இறுகக் கட்டிக்கொண்டு, முழங்காலால் நடந்தார். வலி தாங்க முடியாது. வாரை அவிழ்த்து, சற்று ஓய்ந்து, மீண்டும் கட்டிக்கொள்வார்.

1923-ல் நோத்ருதாம் கோவில் கூனனாக நடித்தார். விக்டர் ஹ்யூகோவின் நாவலில் வரும் அந்தக் கூனனுக்கும் காது கேளாது. அவன் மனத்தில் இருப்பதை முகத்தாலேயே சொல்ல வேண்டும். சேனிக்கு அது தாய்மொழி அல்லவா? கோர முகத்துக்குள் இருந்த ஏக்கத்தைக் கண்டு ஜனங்கள் உருகினார்கள்.

1925-ல் "தி ஃபாண்டம் ஆப் தி ஆபரா." அதில் அவருடைய முகம் எப்படி இருக்கும் என்பதைப் படம் வெளிவரும்வரை கம்பெனி ரகசியமாக வைத்திருந்தது!

ஐந்து குரல்

பேசும் படம் வந்தது. முகத்தால் பேசியவர் வாயால் பேசுவாரா என்று எல்லோரும் கேட்டார்கள். 1930-ல் "தி அன்ஹோலி த்ரீ" படத்தில் சேனி பதில் சொன்னார். கிழவி, கிளி, பொம்மை என்று ஐந்து விதக் குரல்களில் பேசினார். ஐந்தும் தன் குரலே என்று சத்தியப் பத்திரத்திலும் கையெழுத்திட்டார்.

ஆனால் அதுவே அவர் பேசிய முதல் படமும் கடைசிப் படமும் ஆயிற்று. கொடிய நோய் அவரை வாட்டிக்கொண்டிருந்தது. 1930 ஆகஸ்டு 26-ந் தேதி, தொண்டையில் ரத்தக் கசிவு ஏற்பட்டு இறந்தார். வயது 47.

உலகம் அவர் குரலைக் கேட்டது ஒரே ஒரு படத்தில். ஆனால் தாயின் கட்டில் அருகே கற்ற அந்த மௌன மொழி, கூனனின் கண்களில் இன்றும் பேசிக்கொண்டிருக்கிறது.