சவுக்கு நுனியும் சரவிளக்கும்

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் கிறிஸ்துமஸ் மரம் என்று சொன்னால், ஐரோப்பிய மலைச்சாரல்களில் பனி மூடி நிற்கும் ஊசியிலை மரம் எவர் நினைவுக்கும் வருவதில்லை. ஆண்டிமடம், ஜெயங்கொண்டம் பக்கத்துச் செம்மண் கொல்லைகளில் முந்திரிக்கு அண்டையில் வளர்ந்து, நாலைந்து ஆண்டுகளில் கழியாக வெட்டுண்டு, சாரத்துக்கும் பந்தலுக்கும் காகித ஆலைக்கும் வண்டியேறும் சவுக்கின் நுனிதான் நினைவுக்கு வருகிறது. ஜெர்மானிய தேசங்களில் தோன்றி, இங்கிலாந்து அரச குடும்பத்தாரின் மரத்தைச் சித்திரித்த படம் 1848-இல் பத்திரிகையில் வெளிவந்த பிறகு உலகெங்கும் பரவிய இந்தச் சம்பிரதாயம், நம் ஊருக்கு வந்தபோது நம் மண்ணில் வளரும் மரத்தையே வேண்டிப் பெற்றுக்கொண்டது. கொள்ளிடக் கரையிலுள்ள ஏலாக்குறிச்சியைத் திருக்காவலூர் ஆக்கி, தேம்பாவணியிலே யூதேயா நாட்டைத் தமிழ் வயல்களும் சோலைகளும் நிறைந்த நாடாகவே வர்ணித்த வீரமாமுனிவர் வாழ்ந்த பிரதேசத்தில், ஊசியிலை மரத்துக்குப் பதிலாகச் சவுக்கு நிற்பதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

மரம் நம்முடையதாகிவிட்டது, ஆனால் அதில் சுற்றும் மின்சாரத்தைக் கையாளும் முறையையும், அதை விற்பவரிடம் நமக்குள்ள உரிமையையும் நாம் இன்னும் நம்முடையதாக்கிக் கொள்ளவில்லை என்பதை, இரண்டு ஆண்டுகளுக்கு முன் என் தங்கை வீட்டில் நேர்ந்த ஒரு சம்பவம் எனக்கு உணர்த்தியது.

வாளியில் மணல் நிரப்பி, நீர் ஊற்றிச் சவுக்கு நுனியை நட்டோம். நட்ட அரைமணி நேரத்திற்குள் அது ஒரு பக்கமாகச் சாய்ந்தது, செங்கல்லை அண்டை கொடுத்தோம், மறுபக்கம் சாய்ந்தது. கடைசியில் கட்டுக்கம்பியை எடுத்து, ஏற்கெனவே சுற்றியிருந்த சரவிளக்கின் ஒயரையும் சேர்த்தே இறுக்கி, ஜன்னல் கிராதியோடு முறுக்கிக் கட்டினேன். மரம் நிமிர்ந்து நின்றது. விளக்குகள் ஓடி ஓடி எரிந்தன. எல்லாரும் கை தட்டினார்கள். மழை ஈரம் காயாத சிமெண்டுத் தரையில் வெறுங்காலோடு நின்று ஜன்னலைத் தொட்ட தங்கை மகன், "மாமா, ஜன்னல் கிள்ளுது மாமா" என்றான். விளையாட்டாகச் சொல்கிறான் என்றே நினைத்தேன். இரண்டாம் முறை சொன்னபோதுதான் அவன் முகத்தைப் பார்த்தேன். பாய்ந்து போய் மெயின் சுவிட்சை அணைத்தேன். பிறகு பார்த்தால், கட்டுக்கம்பி ஒயரின் மெல்லிய மேலுறையை அறுத்து உள்ளே இறங்கியிருந்தது. குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த ஒரு கணத்தை நினைத்தால் இன்றும் என் உள்ளங்கை வேர்க்கிறது.

குற்றம் முதலாவதாக என்னுடையது. ஆனால் விரல் நகத்தால் கீறினாலே உரிந்து வரும் உறையுடைய அந்தச் சரத்தின் பெட்டியில், செய்தவர் பெயரோ, ஊரோ, எந்தத் தரமுத்திரையோ இல்லை. மறுநாள் கடைக்கு எடுத்துச் சென்றபோது, விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது என்ற பலகையைக் கடைக்காரர் சுட்டிக்காட்டி, பில் இருக்கிறதா என்று கேட்டார். நான் பில் வாங்கியிருக்கவில்லை.

அபாயம் எங்கே இருக்கிறது

மலிவான சரவிளக்கில் மின்னழுத்தத்தைக் குறைக்கும் மின்மாற்றி கிடையாது. ஒவ்வொரு சிறு விளக்கும் ஏறத்தாழ மூன்று வோல்ட்டே கேட்டாலும், அவற்றை வரிசையாகக் கோத்து, 230 வோல்ட் மின்சாரத்தை ஒரு சிறு பெட்டியின் வழியே நேரடியாகச் செலுத்துகிறார்கள். ஆகவே, சிறிய விளக்குதானே என்று நாம் அலட்சியமாகத் தொடும் ஒயரின் எந்த இடத்தில் உறை கிழிந்தாலும், அங்கே இருக்கக்கூடியது சுவரிலுள்ள பிளக்கில் இருக்கும் அதே மின்சாரம்தான். மார்கழி என்பது வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தும் ஓயாத காலம்; சுவரும் தரையும் ஈரம் கோத்திருக்கும்; வாளியிலே நீரும், பச்சைக் கிளையிலே ஈரமும் இருக்கும். இத்தனையும் கூடிய இடத்தில் வெறுங்காலோடு குழந்தைகள் நடமாடுகிறார்கள்.

மின்பெட்டியில் எம்.சி.பி. இருக்கிறதே என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். எம்.சி.பி. ஒயரைக் காப்பது, மனிதனைக் காப்பதன்று. அளவுக்கு மிஞ்சிய மின்சாரம் ஓடினாலோ, இரு கம்பிகள் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டாலோதான் அது விழும். மனித உடல் வழியே கசிந்து உயிரைப் பறிக்கப் போதுமான மின்சாரம் அதற்கு ஒரு பொருட்டே அல்ல. அந்தக் கசிவை உணர்ந்து கண்ணிமைப்பதற்குள் துண்டிப்பது ஆர்.சி.டி. எனப்படும் உயிர்காக்கும் கருவி. வீடுகளுக்கு 30 மில்லி ஆம்பியர் அளவுள்ளதைப் பொருத்த வேண்டும்; அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்தி, அது விழுகிறதா என்று பார்க்க வேண்டும். என் தங்கை வீட்டில் அது இருந்திருந்தால், கசிவு அபாய அளவை எட்டியதுமே மின்சாரம் துண்டிக்கப்பட்டிருக்கும்.

அடுத்தது நெருப்பு. சவுக்கின் சருகும் மிளாறும் எவ்வளவு வேகமாகப் பற்றும் என்பதை விறகடுப்பில் சமைத்த எந்தத் தாயாரும் சொல்வார். வெட்டிய நுனி நாலைந்து நாளில் பழுப்பேறி உதிரத் தொடங்குகிறது. டிசம்பர் நடுவில் கட்டியது, திருநாள் இரவன்று ஏறக்குறைய விறகாகவே நிற்கிறது. அதன் மேல் பனி போலத் தெரிவதற்காகப் பஞ்சை ஒட்டி, அடியில் வைக்கோலால் குடில் வேய்ந்து, முன்னே மெழுகுவர்த்தியும் ஏற்றிவைத்தால், நெருப்புக்கு வேண்டிய அனைத்தையும் நாமே சேகரித்து வைத்தவர்கள் ஆகிறோம். மரத்தில் மெழுகுவர்த்தி ஏற்றிய பழைய வழக்கத்துக்கு மாற்றாக, 1882-இல் நியூயார்க்கில், எடிசனின் கூட்டாளி எட்வர்ட் ஜான்சன் தம் வீட்டு மரத்தில் மின்விளக்குகளை ஒளிரச் செய்தார். அந்த மாற்று வந்து எத்தனையோ காலமான பின்னும், மின்சாரம், மெழுகுவர்த்தி ஆகிய இரண்டையும் ஒரே மரத்தடியில் வைப்பது விவேகமாகாது.

மூன்றாவது, மாடியில் கட்டும் நட்சத்திரம். ஊரிலேயே உயரமாகத் தெரிய வேண்டும் என்ற ஆசையில், பச்சை மூங்கிலையோ இரும்புக் குழாயையோ மின்கம்பிக்கு அருகில் உயர்த்துகிறார்கள். தாழ்வழுத்தக் கம்பிக்கும் கட்டடத்துக்கும் இடையே பக்கவாட்டில் 1.2 மீட்டரும், மேலே 2.5 மீட்டரும் இடைவெளி இருக்க வேண்டும் என்பது விதி. குழாயைத் தூக்கி நிறுத்தும்போது அது கை நழுவி எந்தப் பக்கம் சாய்ந்தாலும் கம்பியை எட்டாத இடமே நட்சத்திரத்துக்குரிய இடம்.

நமக்குள்ள உரிமைகள்

சரவிளக்குகள் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் கட்டாயப் பதிவுத் திட்டத்துக்குள் வருபவை. ஆதலால் பெட்டியின் மேல் தரமுத்திரையும், ஆர் என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்குவது நம் உரிமை. அந்த அமைவனத்தின் பி.ஐ.எஸ். கேர் என்ற கைபேசிச் செயலியில் அந்த எண் மெய்யானதா என்று கடையில் நின்றபடியே சரிபார்க்கலாம்.

2020 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, நான் அறியாதிருந்த இரண்டு விஷயங்களைத் தெளிவாகச் சொல்கிறது. விற்ற பொருளுக்குப் பில் கொடுக்காமல் இருப்பது நேர்மையற்ற வணிக நடைமுறை. குறையுள்ள பொருளை, பில்லில் கண்ட கெடுவுக்குள்ளோ, கெடு எதுவும் இல்லையெனில் 30 நாட்களுக்குள்ளோ திரும்பப் பெற மறுப்பதும் அவ்வாறே. ஆகவே சுவரில் தொங்கும் அந்தப் பலகை, பழுதான சரவிளக்கைப் பொறுத்தவரை சட்டத்தின் முன் நிற்காது. பொருளின் குறையால் உடலுக்கோ உடைமைக்கோ தீங்கு நேர்ந்தால், தயாரித்தவரிடமும், சட்டம் குறிப்பிடும் சந்தர்ப்பங்களில் விற்றவரிடமும் நஷ்டஈடு கோரலாம். இணையத்தில் வாங்கியிருந்தால், அந்த நிறுவனத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதைத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும்.

வாடகை வீட்டில் இருப்பவருக்கும் ஒரு வார்த்தை. சுவரில் துளையிடவும் ஒயரிங்கை மாற்றவும் வீட்டுக்காரரின் சம்மதத்தைக் கேட்பது முறை. ஆனால் மனஸ்தாபத்தின் பேரில் மின்சாரத்தைத் துண்டிக்க வீட்டுக்காரருக்கு அதிகாரமில்லை. 2019 பிப்ரவரி முதல் நடைமுறையிலுள்ள தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின்படி, நகரங்களில் குடியிருப்போர் வாடகை அதிகாரியிடம் முறையிடலாம்.

உரிமைக்கு மறுபக்கம் கடமை. பிறர் கொல்லைச் சவுக்கில் கேளாமல் கை வைப்பது திருட்டு. காப்புக்காட்டில் வெட்டுவது தமிழ்நாடு வனச் சட்டம், 1882-இன்படி குற்றம். 2024-இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்ற கரைவெட்டிப் பறவைகள் சரணாலயத்துக்கு வலசைப் பறவைகள் வந்து தங்கும் காலமும் இதுவே. அங்கே ஒரு கிளையையும் ஒடிக்கலாகாது. கழி வெட்டு நடக்கும் கொல்லையில் உடையவரைக் கேட்டு நுனியை வாங்கினால், மரத்துக்காக மற்றொரு மரம் சாக வேண்டியதில்லை.

பரிகாரம் தேடும் வழி

எவரேனும் மின்சாரத்தில் சிக்கிக்கொண்டால், முதலில் மெயினை அணையுங்கள். அது இயலாவிடில் உலர்ந்த கட்டையாலோ பிளாஸ்டிக் நாற்காலியாலோ ஒயரைத் தள்ளிவிடுங்கள். அதுவரை அவரை வெறுங்கையால் தொட வேண்டாம். பிறகு 108-ஐ அழையுங்கள். சுகமாக எழுந்து உட்கார்ந்தாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். இதயத்தின் துடிப்பில் நேர்ந்த கோளாறு எப்போதும் வெளியே தெரிவதில்லை. தீப்பிடித்தால் 101 அல்லது 112-ஐ அழைக்க வேண்டும். மின்சாரம் அறாதவரை தண்ணீர் ஊற்றலாகாது.

தாழ்ந்து தொங்கும் கம்பியைப் பற்றி, மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்கு 94987 94987 என்ற எண்ணில் தெரிவித்து, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிரிவு அலுவலக உதவிப் பொறியாளருக்கு எழுத்து மூலமும் கொடுத்து, ஒப்புகை பெறுங்கள். மின்விபத்தில் உயிரோ உடலோ சேதமுற்றால், மின்சாரச் சட்டம், 2003-இன் 161-ஆம் பிரிவின்படி மின் ஆய்வாளர் விசாரணை நடைபெற வழியுண்டு. அறுந்து கிடந்த மின்கம்பியால் நேர்ந்த மரணத்துக்கு மின்வாரியமே பொறுப்பு என்றும், தன் அஜாக்கிரதை இல்லை என்று சொல்லி அது தப்ப முடியாது என்றும், மத்தியப் பிரதேச மின்வாரியம் எதிர் ஷைல் குமாரி வழக்கில் 2002-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

பழுதான பொருளுக்கு முதலில் கடைக்காரருக்கு எழுத்து மூலம் தெரிவியுங்கள். இணங்காவிடில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். அதற்கும் தீராவிடில், அரியலூரிலும் பெரம்பலூரிலும் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையங்களில், இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்கிடலாம். நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தொடுக்கலாம், ஐந்து லட்சம் ரூபாய் வரை விலையுள்ள பொருளுக்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் கட்டாயமில்லை. உதவி வேண்டுவோர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை 15100 என்ற எண்ணின் வழியே நாடலாம். பெண்களுக்கும், குழந்தைகளுக்கும், தாழ்த்தப்பட்ட மற்றும் பழங்குடி மக்களுக்கும் அங்கே வருமான வரம்பின்றி இலவச உதவி கிடைக்கும். இத்தனை வாயில்களும் திறந்திருக்கின்றன. ஆனால் ஒவ்வொரு வாயிலிலும் முதலில் நம்மைக் கேட்பது, கடையில் அன்று நாம் கேட்கக் கூச்சப்பட்ட அந்தச் சிறு பில்லைத்தான்.

இப்போது என் தங்கை வீட்டில் மரம் நிற்பதற்குச் சணல் கயிறு. சரவிளக்கு அதற்கப்பால் தனியே. உறங்கப் போகும் முன் பிளக்கைப் பிடுங்குவது அந்தப் பையனின் பொறுப்பு. மூன்று ராஜாக்கள் திருநாள் கழிந்ததும், காய்ந்த நுனி வெந்நீர் அடுப்புக்குப் போகிறது. சரவிளக்கை அவன் ஓர் அட்டையில் முறுக்கில்லாமல் சுற்றி, பழைய பிஸ்கட் டின்னில் வைக்கிறான். மூடியை மூடும் முன், அதன் பில் உள்ளே இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்கிறான்.