மன வேதனைச் சொற்கள்: ஆங்கிலமும் போர்த்துகீசியமும்

ஜன்னலைத் திறக்கிறோம், சாவியை மேசைமேல் வைக்கிறோம், துணியை அலமாரியில் அடுக்குகிறோம். ஜன்னல், சாவி, மேசை, அலமாரி ஆகிய நான்குமே போர்த்துகீசியர் நமக்குக் கொடுத்துவிட்டுப் போன சொற்கள். அவர்களும் நம் மொழியைக் கற்றார்கள். அந்தாவ் தெ ப்ரொயென்சா என்ற பாதிரியார் தொகுத்த தமிழ்–போர்த்துகீசிய அகராதி 1679இல் கேரளத்து அம்பழக்காட்டில் அச்சாயிற்று.

வந்து சேர்ந்த சொற்களைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். பெரும்பாலும் கையால் தொடக்கூடிய பொருள்களின் பெயர்கள்தாம். மேசையை விரலால் சுட்டிக்காட்டி, "இதுக்கு உங்க ஊர்ல என்ன பேரு?" என்று கேட்டுவிடலாம். மன வேதனையை அப்படிச் சுட்டிக்காட்ட முடியாது. வேதனைப்படுபவர் வாயால் சொன்னால்தான் உண்டு. அதனால்தான் ஒரு மொழியின் வேதனைச் சொற்களை இன்னொரு மொழிக்குக் கொண்டுபோவது, மேசை நாற்காலியைக் கொண்டுபோவது போல அத்தனை சுலபமாக இருப்பதில்லை.

இன்று மனநல மருத்துவத்தின் நூல்களும் கேள்வித்தாள்களும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டு, பிறகு மற்ற மொழிகளுக்குப் போகின்றன. பிரேசில், போர்ச்சுகல், அங்கோலா, மொசாம்பிக் முதலிய நாடுகளுக்குப் போர்த்துகீசியத்தில் போகின்றன. அப்படிப் போகும்போது சொற்களுக்கு என்ன நேர்கிறது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். (உச்சரிப்பு போர்ச்சுகலில் ஒரு விதம், பிரேசிலில் ஒரு விதம். இங்கே தமிழ் எழுத்துக்கு இசைந்தபடி தோராயமாகத் தந்திருக்கிறேன்.)

தொண்டையை நெரிக்கும் சொற்கள்

ஆங்கிலத்தில் ஆங்ஸைட்டி, ஆங்க்விஷ் என இரு சொற்கள். முன்னது பதற்றம், பின்னது கடும் வேதனை. இரண்டும் லத்தீன் மொழியில் இறுக்குதல், நெரித்தல் என்ற பொருளுடைய ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. அதே வேரிலிருந்து போர்த்துகீசியத்தில் அன்சியதாதெ, அங்கூஸ்தியா என்ற இரண்டும் வந்தன. லத்தீனைச் சேராத வொர்ரி என்ற சொல்லும் பழைய ஆங்கிலத்தில் கழுத்தை நெரிப்பதையே குறித்தது. நாமும் "நெஞ்சை அடைக்குது" என்றுதானே சொல்கிறோம்? உடம்பு எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

அப்படியானால் ஆங்க்விஷுக்கு அங்கூஸ்தியா, ஆங்ஸைட்டிக்கு அன்சியதாதெ என்று நேருக்கு நேர் போட்டுவிடலாமே என்று தோன்றும். வேர் ஒன்றுதான், புழக்கம் வேறு. ஆங்க்விஷ் இன்று பெரும்பாலும் ஏட்டுச் சொல். "டாக்டர், எனக்கு ஆங்க்விஷ்" என்று எந்த ஆங்கிலேயரும் சொல்லமாட்டார். பிரேசிலிலோ அங்கூஸ்தியா அன்றாடப் பேச்சுச் சொல். நெஞ்சில் ஓர் இறுக்கம், காரணம் சொல்லத் தெரியாத தவிப்பு என்றால், படித்தவரும் படிக்காதவரும் அந்தச் சொல்லையே எடுப்பார்கள். அதை ஆங்க்விஷ் என்று பெயர்த்தால் நோயாளி மிகைப்படுத்துவதாகத் தோன்றும். ஆங்ஸைட்டி என்று பெயர்த்தால் நெஞ்சின் இறுக்கம் காணாமல் போய்விடும்.

ஃபிராய்டு 1926இல் ஜெர்மன் மொழியில் எழுதிய ஒரு நூல் இதற்கு நல்ல உதாரணம். அவர் எழுதிய ஆங்ஸ்ட் என்ற சொல்லை ஆங்கிலத்தில் ஆங்ஸைட்டி ஆக்கினார்கள். ஆங்கிலத்தின் வழியாகச் செய்த பிரேசில் மொழிபெயர்ப்பின் தலைப்பில் அன்சியதாதெ வந்தது. பின்னாளில் ஜெர்மன் மூலத்திலிருந்தே நேரடியாகப் பெயர்த்தபோது, அதே நூலின் தலைப்பில் அங்கூஸ்தியா வந்து உட்கார்ந்தது.

பாரமும் கறையும்

ஆங்கிலத்தில் சாவு வீட்டுத் துயரத்தை க்ரீஃப் என்பார்கள். இது கனம் என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியே வந்தது. போர்த்துகீசியத்தில் பெசார் என்றொரு சொல் உண்டு. எடை போடுவதற்கும் துக்கத்துக்கும் அதே சொல்தான். துக்கம் விசாரிக்கும்போது பேசமெஸ் என்பார்கள். பிரித்துப் பார்த்தால், "எனக்குப் பாரமாக இருக்கிறது" என்று பொருள். "மனசு பாரமா இருக்கு" என்று நாம் சொல்வதற்கு அச்சாக ஒத்துப்போகிறது அல்லவா?

ஆனால் க்ரீஃப் என்ற ஒரே ஆங்கிலச் சொல், உள்ளே படும் துயரத்தையும் இறந்தவருக்காகத் துக்கம் காக்கும் காலத்தையும் சேர்த்துக் குறிக்கும். போர்த்துகீசிய மனநல நூல்களில் அதற்கு லூத்து என்று போடுகிறார்கள். லூத்து என்றால் கறுப்புத் துணியும் நினைவுக்கு வரும், இறந்தவருக்காகக் காக்கும் நாட்களும் நினைவுக்கு வரும்.

மாகுவா என்பது இன்னும் நுட்பமான சொல். கறை என்று பொருள்படும் லத்தீன் சொல்லே அதன் மூலம். நெருங்கியவர் ஒருவர் சொன்ன சொல்லோ செய்த செயலோ மனசில் கறையாகத் தங்கிவிடுகிறது. கோபம் ஆறிய பிறகும் கறை போவதில்லை. ஆங்கிலத்தில் ஹர்ட் என்றால் தங்கிவிடுதல் என்ற பொருள் இல்லை. ரிசென்ட்மென்ட் என்றால் பகை அதிகமாகிவிடுகிறது. சாரோ என்றால் யாரால் வந்தது என்பது விடுபட்டுப் போகிறது. நம்முடைய மனத்தாங்கல் இதற்குக் கிட்டத்தட்டப் பக்கத்தில் நிற்கும்.

ஏமாற்றும் இரட்டையர்கள்

உருவம் ஒன்றாக, பொருள் வேறாக இருக்கும் சொற்களிடம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். ஆங்கில டிஸ்கஸ்ட் என்றால் அருவருப்பு. அதன் உடன்பிறப்பான போர்த்துகீசிய தெஸ்கோஸ்து என்றால் மனத்துயரம். காதல் முறிந்து வாடுகிறவளுக்கு தெஸ்கோஸ்து என்றால், அவள் காதலனை அருவருக்கிறாள் என்று அர்த்தமில்லை. மனசு உடைந்திருக்கிறாள் என்றே அர்த்தம்.

நோஜு என்ற சொல்லின் கதை இதற்குத் தலைகீழ். ஆங்கிலத்தில் எரிச்சலூட்டுவதைக் குறிக்கும் அனாய் என்ற சொல்லுக்கு இது ஒன்றுவிட்ட உறவு. முற்காலத்தில் நோஜு என்றால் துக்கம். இன்றைய பேச்சில் அருவருப்பு. ஆனால் குடும்பத்தில் சாவு நேர்ந்தால் ஊழியருக்குத் தரும் விடுப்பை இன்றும் நோஜு விடுப்பு என்றே சொல்கிறார்கள். பிரேசிலின் தொழிலாளர் சட்டத் தொகுப்பு 473ஆம் பிரிவில் அதற்கு 2 நாட்கள் தருகிறது. அகராதியை மட்டும் நம்பிப் பெயர்த்தால் அது 'அருவருப்பு விடுப்பு' ஆகிவிடும்!

பேனா என்பது இன்னும் சுவையானது. போர்த்துகீசியத்தில் பேனா என்றால் இறகு. இறகைச் சீவி எழுதியதால் எழுதுகோலுக்கும் அந்தப் பெயர் வந்து, நம் சட்டைப் பைக்கும் வந்து சேர்ந்தது. ஆனால் அதே ஒலியில் இன்னொரு பேனா உண்டு. அதற்குத் தண்டனை, இரக்கம், வருத்தம் என்று மூன்று பொருள். ஆங்கிலப் பெயின் இந்த இரண்டாவது பேனாவின் சகோதரன்.

அரசர் எழுதிய துயர இலக்கணம்

துயரச் சொற்களைப் பிரித்துப் பார்ப்பது இன்றைய மனநல மருத்துவர்கள் தொடங்கிய வேலை அல்ல. 1433 முதல் 1438 வரை போர்ச்சுகலை ஆண்ட துவார்தெ அரசர், 'லியால் கொன்செல்யெய்ரு' என்ற தம் நூலில் இதற்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கினார். நோஜு, பெசார், மனக்கசப்பு, சலிப்பு, சௌதாதெ என்று ஒவ்வொன்றும் எப்படி வேறுபடுகிறது என்று வகைப்படுத்தினார்.

அவருக்கு இதில் சொந்த அனுபவம் இருந்தது. 1415ஆம் ஆண்டு செயூத்தா படையெடுப்புக்குத் தந்தை ஆயத்தமானபோது, இளவரசர் தலையில் அரசாங்கச் சுமை விழுந்தது. அவர் கடும் மனச்சோர்வில் வீழ்ந்தார். கொள்ளைநோயில் படுத்த தாயாருக்குப் பணிவிடை செய்தபோதே தம் நோய் இளகத் தொடங்கியது என்று அவரே எழுதிவைத்திருக்கிறார். அந்தத் தாயார் பிலிப்பா, இங்கிலாந்திலிருந்து மணமுடித்து வந்தவர்.

சௌதாதெ என்பது அன்புக்குரியவரைப் பிரிந்திருக்கும்போது நெஞ்சில் எழும் ஏக்கம். இதற்கு ஈடான பெயர் லத்தீனிலும் இல்லை, தாம் அறிந்த வேறு மொழியிலும் இல்லை என்றார் அரசர். அதில் இனிமையும் கலந்திருக்கலாம், துயரமும் கலந்திருக்கலாம் என்பதையும் அவர் கவனித்தார். ஆகவே, சௌதாதெ இருக்கிறது என்று ஒருவர் சொன்ன உடனே அதை நோய்ப் பட்டியலில் சேர்த்துவிடக் கூடாது.

இன்று ஒரு நிலை, என்றும் ஒரு குணம்

இலக்கணத்திலும் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. ஆங்கிலத்தில் 'ஐ ஆம் ஆங்ஷஸ்' என்றால் இப்போது பதற்றமா, பிறவியிலேயே பதற்றக்காரரா என்பது தெரியாது. போர்த்துகீசியத்தில் 'இருக்கிறேன்' என்பதற்கு இரண்டு வினைகள். 'எஸ்தோ அன்சியோசு' என்றால் இப்போதைக்குப் பதற்றம். 'சோ அன்சியோசு' என்றால் என் சுபாவமே அப்படி. கேள்வித்தாளை மொழிபெயர்ப்பவர் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். தப்பானதைத் தேர்ந்தால், போன வாரத்துக் கவலையைக் கேட்க வேண்டிய கேள்வி, ஆயுள் முழுவதும் உள்ள குணத்தைக் கேட்டுவிடும். இது தவிர, அன்சியோசு என்றால் ஆவலாகக் காத்திருப்பவர் என்றும் பொருள் உண்டு. திருவிழாவுக்குக் காத்திருக்கும் குழந்தையும் அன்சியோசுதான்.

டிஸ்ட்ரெஸ் என்ற தலைவலி

இத்தனைக்கும் பொதுப்பெயரான ஆங்கில டிஸ்ட்ரெஸ்ஸுக்குத்தான் சரியான இணை கிடைப்பதில்லை. இழுத்துப் பிரித்தல் என்ற லத்தீன் வினை அதன் மூலம். வாடகை பாக்கிக்காகப் பொருள்களை ஜப்தி செய்வதற்கும் ஆங்கிலச் சட்டத்தில் 2014 வரை இதே பெயர் இருந்தது. டி.எஸ்.எம். எனப்படும் அமெரிக்க மனநோய்க் கையேட்டில், ஒரு நிலையை நோய் என்று கணிக்க இந்தச் சொல் அளவுகோலாக நிற்கிறது. பிரேசில் பதிப்பு அதை சொஃப்ரிமெந்து, அதாவது துன்பம் என்று பெயர்த்தது. போர்ச்சுகலிலோ மால் எஸ்தார் என்று பெயர்த்தார்கள். அது "ஒரு மாதிரியா இருக்கு" என்று நாம் சொல்வதற்கு நெருக்கமானது. லேசான தலைசுற்றலுக்கும் பொருந்தும். மூலம் ஒன்று, ஆனால் ஒரு நாட்டில் படி உயரம், இன்னொரு நாட்டில் படி தாழ்வு. சிலர் டிஸ்ட்ரெஸ் என்றே வைத்துக்கொள்கிறார்கள். அது மருத்துவருக்குப் புரியும், நோயாளிக்கு?

பசிக்குத் தூக்க மருந்து

இதெல்லாம் பண்டிதர் விவாதம்தானே என்று நினைக்கலாம். நான்சி ஷெப்பர் ஹியூஸ் என்ற அமெரிக்க மானிடவியலாளர் 1992இல் வெளியிட்ட 'டெத் வித்தவுட் வீப்பிங்' என்ற நூலைப் பார்த்தால் அப்படித் தோன்றாது. பிரேசிலின் வடகிழக்கில், கரும்புத் தோட்டக் கூலிகள் வாழும் சேரியில் அவர் கண்டது இது. கை கால் நடுக்கம், தலைசுற்றல், சோர்வு, அழுகை. மக்கள் அதை நேர்வுஸ், அதாவது நரம்புக் கோளாறு என்றார்கள். மருத்துவமனையும் அந்தச் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டு அமைதிப்படுத்தும் மாத்திரைகளைக் கொடுத்தது. அந்த நடுக்கத்துக்குப் பின்னால் இருந்தது பட்டினி என்கிறார் ஆசிரியர். முன்பெல்லாம் பசிப் பிதற்றல் என்று வெளிப்படையாகச் சொன்ன மக்கள், காலப்போக்கில் அதையே நரம்பு என்று சொல்லத் தொடங்கியிருந்தார்கள். பெயர் மாறியதும் வைத்தியமும் மாறிவிட்டது. சோறு கேட்க வேண்டிய உடம்புக்கு மாத்திரை கிடைத்தது.

நேர்வுஸ் என்பதை ஆங்கிலத்தில் நெர்வ்ஸ் என்றோ ஆங்ஸைட்டி என்றோ எழுதிவிடுவது ரொம்பச் சுலபம். அகராதிப்படி தப்பும் இல்லை. ஆனால், "எப்ப சாப்பிட்டீங்க?" என்ற ஒரு கேள்வி அங்கே விடுபட்டுப் போகிறது.

ஆகவே வேதனைச் சொல்லுக்கு இணை தேடுபவர் சில கேள்விகளைக் கேட்டாக வேண்டும். உடம்பில் எங்கே தெரிகிறது? எத்தனை நாளாக? யாரால் வந்தது? வீட்டில் என்ன நிலைமை? இவற்றுக்கு விடை கிடைத்த பிறகே சொல்லைத் தேட வேண்டும். போர்த்துகீசியத்தில் மனசைத் திறந்து கொட்டுவதற்கு தெசபஃபார் என்பார்கள். மூச்சுமுட்ட மூடிவைத்ததைத் திறந்துவிடுதல் என்பது அதன் நேர்ப்பொருள். திறப்பதற்கு எதிரே பொறுமையாகக் கேட்கும் ஒருவர் வேண்டும். அகராதியைப் புரட்டுவது அதற்கு அப்புறம்தான்.