நல்ல கேமரா வரட்டும் என்று காத்திருக்கிறீர்களா?

குளுவாங் ரயில் நிலையக் காப்பிக்கடையில் அண்மையில் ஒரு தம்பியைச் சந்தித்தேன். செம்பனைத் தோட்டத்துப் பையன். கைப்பேசியில் தானே எடுத்த நான்கு நிமிடக் குறும்படத்தைக் காட்டினான். நன்றாகவே இருந்தது. "அடுத்தது எப்போ தம்பி?" என்று கேட்டேன். "நல்ல கேமரா வாங்கணும்க்கா. அப்புறம்தான்" என்றான்.

அவனிடம் சொன்ன இரண்டு கதைகளை உங்களிடமும் சொல்கிறேன்.

முதலாமவர் ராபர்ட் ரோட்ரிகஸ். அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் மெக்சிகோ வம்சாவளிக் குடும்பத்தில் பிறந்தவர். முதல் படத்துக்குக் காசில்லை. புது மருந்துகளைச் சோதிக்கும் ஆய்வில் தம் உடம்பையே கொடுத்துப் பணம் சேர்த்தார். ஏறக்குறைய 7,000 டாலரில் 1992இல் உருவானது 'எல் மரியாச்சி'. இயக்கம், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு எல்லாம் அவரே. கதையை எழுதிவிட்டுப் பொருள் தேடவில்லை. நண்பர் ஊரில் பேருந்து இருக்கிறது, நாய் இருக்கிறது, ஆமை இருக்கிறது என்று கணக்கெடுத்து, அவற்றைக் கதைக்குள் கொண்டுவந்தார்.

இரண்டாமவர் நம் நாட்டுக்காரர், சஞ்சய் குமார் பெருமாள். அவருடைய 'ஜகாட்' 2015 டிசம்பர் 17ஆம் தேதி திரைக்கு வந்தது. அதே வாரம்தான் 'ஸ்டார் வார்ஸ்' படமும் வந்தது. சஞ்சயிடம் பெரிய நட்சத்திரம் இல்லை. நம்மிடம் இருக்கும் கதை இருந்தது. 1990களின் தொடக்கம். தோட்டம் கைவிட்டுப்போன குடும்பங்கள். அப்போய் என்ற 12 வயதுச் சுட்டிப் பையன். உழைத்துக் களைத்த அப்பா ஒரு பக்கம். போதையிலிருந்து மீண்ட சித்தப்பாவும் குண்டர் கும்பலில் இருக்கும் சித்தப்பாவும் மறுபக்கம். பையன் எந்தப் பக்கம் சாய்வான்?

'ஜஹாட்' என்ற மலாய்ச் சொல் நம் வாயில் 'ஜகாட்' ஆனது. கெட்டவன் என்று பொருள். நம் வீட்டுப் பேச்சையே படத்தின் தலைப்பாக்கிவிட்டார். சென்னைத் தமிழ் பேசினால்தான் சினிமா என்று நினைத்திருந்த எனக்கு அது ஓர் அதிர்ச்சி. வானொலியில் அன்றாடம் பேசுகிற நானே அப்படி நினைத்திருக்கிறேன்!

2016இல் 28ஆவது மலேசியத் திரைப்பட விழாவில் படங்களை மொழிவாரியாகப் பிரித்தபோது, கலைஞர்கள் பலர் இனவேறுபாடின்றி எதிர்த்தார்கள். பிறகு எல்லா மொழிக்கும் பொதுவாக்கப்பட்ட சிறந்த மலேசியத் திரைப்பட விருது 'ஜகாட்' படத்துக்கே கிடைத்தது. சிறந்த புதுமுக இயக்குநர் விருதும் சஞ்சய்க்கு வந்தது.

எல்லாம் சொல்லிவிட்டு, "உன் வீட்டுப் பக்கம் என்னென்ன இருக்கு?" என்று தம்பியிடம் கேட்டேன். கொஞ்சம் யோசித்தான். "தாத்தாவோட சைக்கிள், பால்மரம் வெட்டுற கத்தி, ஆளில்லாத ரெண்டு லயன் வீடு... பாட்டி இருக்காங்க. விடிய விடிய கதை சொல்வாங்க."

"அப்புறம் என்னடா தம்பி?" என்றேன்.

காப்பி ஆறிக்கொண்டிருந்தது. அவன் கைப்பேசியை எடுத்து, பாட்டியின் பெயரை முதல் வரியாகத் தட்டத் தொடங்கினான்.