அந்நிய தேசத்து ஆலோசகரும் நம் கடைக் கணக்கும்

விசா, அந்நிய வருமான வரி என்றாலே அது பெரிய கம்பெனிக்காரர்கள் சமாசாரம், பலசரக்குக் கடைக்காரனுக்கு அதில் என்ன வேலை என்று நம்மில் பலர் ஒதுக்கி விடுகிறோம். நமது வட்டாரத்தில் அப்படி ஒதுக்கி விட முடியாது.

1998-ல் திருவள்ளூர் அருகே இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில் ஜப்பானிய மிட்சுபிஷியின் லான்சர் கார் தயாராகத் தொடங்கியது. பிறகு தேர்வாய் கண்டிகையில் பிரான்ஸ் தேசத்து மிச்செலின் டயர் ஆலை வந்தது. ஜி.என்.டி. ரோட்டில் ஆந்திர எல்லையைத் தாண்டினால் தடா பக்கம் ஸ்ரீசிட்டி. கும்மிடிப்பூண்டி சிப்காட்டைச் சொல்லவே வேண்டாம். இந்த ஆலைகளுக்கு வரும் அந்நிய தேசத்து என்ஜினீயர்களும் ஆலோசகர்களும் தங்குவதற்கு வீடு, சாப்பிடுவதற்கு மெஸ், மெஸ்ஸுக்கு அரிசி பருப்பு எல்லாம் நம்மிடம்தான் வந்து சேருகின்றன. செங்குன்றம் அரிசி ஆலைகளிலும் பருப்பு மில்களிலும் நிறம் பிரிக்கும் சார்ட்டெக்ஸ் இயந்திரங்கள் வந்த பிறகு, அந்நிய நிபுணரை நாமே நேரடியாக அழைக்கும் காலமும் வந்து விட்டது.

எந்த விசா?

பிசினஸ் விசா என்பது சரக்கு வாங்க, விற்க, தொழில் தொடங்க வாய்ப்புப் பார்க்க, பேச்சு வார்த்தை நடத்த வருபவருக்கு. ஓர் ஒப்பந்த வேலையை இங்கே இருந்து செய்து முடிக்க அது செல்லாது. இந்தியக் கம்பெனியிடம் குறிப்பிட்ட ஊதியம் பெற்று வேலை செய்யும் ஆலோசகருக்கு வேலை விசா வேண்டும். ஊதியம் மாதச் சம்பளமாக இல்லாமல் மொத்தத் தொகையாக இருந்தாலும் இதுவே விதி. இந்த விசாவுக்குக் குறைந்தபட்ச ஊதியம் வருடத்துக்கு 25,000 டாலர் என்று பல காலம் இருந்தது. பின்னர் ரூபாய்க் கணக்கில் 16.25 லட்சம் என்றாக்கினார்கள். அந்தந்த நாட்டுச் சமையல்காரர், மொழிபெயர்ப்பாளர் போன்ற சிலருக்கு மட்டும் விலக்கு. நம் ஊரில் ஆள் கிடைக்கும் சாதாரண வேலைக்கு இந்த விசா கொடுப்பதில்லை.

இயந்திரத்தைப் பூட்டி ஓட்டிக் காட்ட வருபவர் விஷயத்தில் விதி அடிக்கடி மாறுகிறது. ஆகவே இயந்திரத்துக்கு ஆர்டர் கொடுக்கும் முன்பே, எந்த விசாவில் ஆள் வருவார் என்று எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். முன்பணம் போன பிறகு கேட்டுப் பயனில்லை.

2009-ல் நடந்ததை நினைத்துப் பாருங்கள். பிசினஸ் விசாவில் வந்து, நாடெங்கும் மின் நிலையம் போன்ற கட்டுமானங்களில் வேலை செய்து கொண்டிருந்த அந்நியர்கள், பெரும்பாலும் சீனர்கள், அந்த வருடம் அக்டோபர் 31-க்குள் நாட்டை விட்டுப் போக வேண்டும் என்று மத்திய அரசு கெடு வைத்தது. அடுத்த வருடம் மின்சாரம், இரும்புத் தொழில்களுக்கென்று திட்ட விசா என்று ஒன்று வந்தது. ஆனால் கெடுவுக்குள் ஆட்கள் கிளம்பும்போது, அவர்களுக்குச் சமைத்துப் போட்ட மெஸ்ஸின் நிலை என்ன? அந்த மெஸ்ஸுக்குச் சரக்கு கொடுத்தவர் பேரேட்டில் நிற்கும் பாக்கியை யார் தீர்ப்பது? விசா முடிகிற தேதிதான் நம் கடன் முடிய வேண்டிய தேதி. அதற்கு மேல் ஒரு நாள் கூடத் தவணை கொடுக்கலாகாது என்பது என் கட்சி.

வீடு வாடகைக்கு விடுவோர் கவனத்துக்கு

கடைக்கு மேல் மாடி கட்டி வாடகைக்கு விட்டிருப்பவர்கள் நம்மில் அநேகர். அந்நியர் ஒருவரைத் தங்க வைத்தால், அவர் வந்த 24 மணி நேரத்துக்குள் குடியேற்றத் துறைக்குத் தகவல் கொடுக்க வேண்டும். ‘சி’ படிவம் என்று நெடுங்காலமாகச் சொல்லி வந்தது இதைத்தான். லாட்ஜ்காரருக்கு மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம், வீட்டுக்காரருக்கும் உண்டு. 1946-ஆம் வருட அந்நியர் சட்டம் போய், 2025 செப்டம்பர் 1 முதல் புதிய குடியேற்ற மற்றும் அந்நியர் சட்டம் வந்துள்ளது. அதிலும் இந்தக் கடமை அப்படியே இருக்கிறது. இதற்கு ஆபீசுக்கு நடக்க வேண்டியதில்லை, கம்ப்யூட்டர் மூலமே பதியலாம். பாஸ்போர்ட், விசா இரண்டின் நகலும் கையில் இல்லாமல் சாவியைக் கொடுக்காதீர்கள்.

வாடகையைக் கம்பெனி கொடுத்தால், மாதம் 50,000 ரூபாய்க்கு மேல் போகும்போது 10 சதவீதம் வரி பிடித்துத்தான் கொடுக்கும். அது நம் கணக்கில் வரவு ஆகிறதா என்று பார்த்துக் கொள்ள வேண்டும். ரொக்கமாகத் தருகிறேன் என்று யார் வந்தாலும், ஒருவரிடம் ஒரே நாளில் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கம் வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம்.

வரி யார் தலையில்?

ஒருவர் நம் நாட்டில் ஒரு நிதியாண்டில் 182 நாள் தங்கி விட்டால் அவர் இங்கு வசிப்பவர் ஆகிறார். அதற்குக் குறைவாகத் தங்கினாலும் முந்தைய வருடங்களின் கணக்கைப் பார்த்து வசிப்பவர் ஆக்க வழி உண்டு. வசிப்பவர் அல்ல என்றாலும், இங்கு செய்த வேலைக்கு இங்கு வரி உண்டு. அந்த வரியைப் பிடித்துக் கட்ட வேண்டியவர் பணம் கொடுக்கும் நாம்தான். பிடிக்காமல் விட்டால் அந்தச் செலவையே நம் கணக்கில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். செலவழித்த பணத்தை லாபம் என்று எழுதி அதற்கும் வரி போடுவார்கள்.

விகிதத்தைப் பாருங்கள். அந்நியக் கம்பெனிக்குக் கொடுக்கும் தொழில்நுட்ப ஆலோசனைக் கட்டணத்துக்கு நம் சட்டப்படி இருந்த 10 சதவீதம், 2023 ஏப்ரல் முதல் 20 ஆயிற்று. மேல்வரி சேர்த்தால் 20.8. ஆனால் ஜப்பான், கொரியா, சீனா, ஜெர்மனி ஆகிய நாடுகளோடு நமக்குள்ள இரட்டை வரி தவிர்ப்பு உடன்படிக்கையில் 10 சதவீதம்தான். அந்தச் சலுகைக்கு, அவர் தம் நாட்டு வரி அதிகாரியிடம் வாங்கிய இருப்பிடச் சான்று கொடுக்க வேண்டும்.

“வரி எல்லாம் உங்கள் பாடு, எனக்குக் கையில் 5 லட்சம் வர வேண்டும்” என்று ஆலோசகர் ஒப்பந்தம் எழுதினால் கணக்கு இப்படி வரும். சான்று இருந்தால் நாம் கட்டும் வரி 55,556 ரூபாய். சான்று இல்லாவிட்டால் 1,31,313 ரூபாய். ஒரு காகிதத்துக்கு 75,757 ரூபாய் விலை!

இதோடு 18 சதவீத ஜி.எஸ்.டி.யையும் சேவை வாங்கிய நாமே கட்ட வேண்டும். மொத்த வரவு 20 லட்சத்துக்குக் கீழ் என்று சொல்லி இதில் தப்ப முடியாது, இதற்குப் பதிவு கட்டாயம். கட்டியதைத் திரும்ப எடுத்துக் கொள்ளலாமே என்றால், அரிசி பருப்புக்காரர்களுக்கு அங்கேயும் ஓர் இடி. 25 கிலோவுக்கு மேற்பட்ட மூட்டைக்கும் சில்லறையாக அளந்து விற்பதற்கும் வரி இல்லை. வரி இல்லாத சரக்கை விற்பவர் உள்ளீட்டு வரியைத் திரும்ப எடுக்க முடியாது. ஆக அந்தப் பதினெட்டும் மூட்டை விலையில்தான் ஏறும்.

இயந்திர விலைக்குள் அடங்கிய பூட்டு கூலிக்கு வரிக் கணக்கு வேறு. அதை ஆடிட்டரிடம் ஒப்பந்தத்தைக் காட்டியே முடிவு செய்ய வேண்டும். மேலும் 1961-ஆம் வருட வருமான வரிச் சட்டத்துக்குப் பதில் 2025-ஆம் வருடச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் அமலாவதால், பழைய பிரிவு எண்களையும் படிவ எண்களையும் நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள்.

நம் பிள்ளைகள் வெளிநாடு போனால்

கும்மிடிப்பூண்டி ஆலைகளில் தொழில் கற்ற பையன்கள் வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் போகிறார்கள். சுற்றுலா விசாவில் போய்ச் சேர், அங்கே மாற்றிக் கொள்ளலாம் என்று சொல்லும் ஏஜெண்டை நம்பக் கூடாது. 1983-ஆம் வருடக் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்ற ஏஜெண்டா என்று முதலில் பார்க்க வேண்டும். பத்தாம் வகுப்புத் தேறாத பையன் வளைகுடாவுக்கு வேலைக்குப் போக, குடிபெயர்வோர் பாதுகாவலரின் அனுமதியும் வேண்டும்.

சுருக்கமாக, அந்நியரோடு வரவு செலவு வைக்குமுன் மூன்று கேள்வி கேளுங்கள். எந்த விசா? எந்தத் தேதி வரை? வரி யார் பொறுப்பு? மூன்றுக்கும் பதில் எழுத்தில் வந்த பிறகு தராசை எடுங்கள். சரக்கின் தரம் பார்த்து வாங்கத் தெரிந்த நமக்குக் காகிதத்தின் தரம் பார்ப்பது பெரிய வித்தை அல்ல.