தன்னைப் பேணலும் தேர்ந்த வாழ்வும்

முன்னுரை

தன்னைப் பேணல் என்றவுடன் உண்பதும் உறங்குவதும் ஓய்வு கொள்வதுமே பலர் நினைவிற்கு வருகின்றன. இவை வேண்டுவனவே. ஆயினும், எதை ஏற்பது, எதை விடுப்பது என்று ஆராய்ந்து தேர்ந்து வாழ்தலே தன்னைப் பேணலின் அடிப்படை என்பது நம் கருத்து. அதனை இராசபாளையத்தின் மலையடிவாரத்தைச் சான்றாகக் கொண்டு ஈண்டுக் காண்போம்.

நீர் காட்டும் நெறி

இராசபாளையத்திற்கு மேற்கே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடியில் அமைந்தது நீர்காத்த அய்யனார் கோவில். பெயரே பொருள் பொதிந்தது. கோவிலை ஒட்டி ஓடும் ஆற்றில் நீராட மக்கள் திரள்வர். அடிவாரத்தில் வெயில் காயும் வேளையிலும் மலையுச்சியில் பெய்த மழையால் ஆறு திடீரெனப் பெருகுவதுண்டு. அக்கரைக்குச் சென்றோர் திரும்ப இயலாது தவித்த நிகழ்ச்சிகள் பல. வெள்ளம் வந்தபின் சிந்திக்கக் காலம் இராது. இறங்குவதா வேண்டாவா என்பதைக் கரையில் நிற்கும்போதே முடிவு செய்தல் வேண்டும். வாழ்வும் அத்தகையதே. சினமும் ஆசையும் பிறர் வற்புறுத்தலும் பெருகிவரும் பொழுதில் தெளிவு பிறப்பதில்லை. முன்னரே வரைந்துகொண்ட எல்லையே அப்போது துணை நிற்கும்.

அம்மலைநீர் முழுவதும் ஓடிக் கழிந்துவிடுவதில்லை. ஆறாவது மைல் நீர்த்தேக்கத்தில் தேக்கப்பெற்று இராசபாளைய மக்களுக்குக் குடிநீராகிறது. தேக்குதல் நீரைச் சிறைப்படுத்துவதன்று, கோடைக்குக் காப்பது. அதுபோல, தேவையற்ற ஒன்றற்கு 'வேண்டா' என்பது நம்மை வருத்திக்கொள்வதன்று. தேவையான ஒன்றற்கு நம் ஆற்றலைக் காப்பதேயாகும்.

தேர்ந்து வாழ்ந்த ஒருவர்

இவ்வூரில் 1898-ஆம் ஆண்டு பிறந்தவர் பி.எஸ். குமாரசாமி ராஜா. இளமையிலேயே பெற்றோரை இழந்தவர். காந்தியடிகளின் வழியைத் தேர்ந்து சிறை புகுந்தவர். 1949 முதல் 1952 வரை சென்னை மாநில ஆட்சிக்குத் தலைமை தாங்கினார். 1952 தேர்தலில் தோல்வியுற்றார். பதவியே தாம் என்று எண்ணியிருப்பவரை இத்தகைய தோல்வி நிலைகுலையச் செய்யும். அவரோ பொதுத்தொண்டினின்று விலகவில்லை. 1954 முதல் 1956 வரை ஒரிசாவின் ஆளுநராகப் பணியாற்றினார். தம் இல்லத்தையே காந்தி கலை மன்றத்திற்காக ஊருக்கு ஈந்தார். 1957-இல் அவர் மறைந்தார். அவர் ஈந்த மன்றம் அவர் பெயரைச் சொல்லி நிற்கிறது. எதனைத் தமதெனக் கொள்வது என்பதைத் தாமே தேர்ந்தவரிடமிருந்து தோல்வி எடுத்துச் செல்லத்தக்கது மிகுதியாக இராது என்பதை இவ்வாழ்வு உணர்த்துகிறது.

வள்ளுவர் வகுத்த வரிசை

திருக்குறளில் 'தெரிந்து செயல்வகை' 47-ஆம் அதிகாரமாகவும், 'வலியறிதல்' 48-ஆம் அதிகாரமாகவும் அடுத்தடுத்து நிற்றல் நோக்கத்தக்கது. ஆராய்ந்து தொடங்குக; தொடங்குமுன் தன் வலிமையின் அளவை அறிக என்பது இவ்வரிசையால் பெறப்படும். அரசர்க்கு உரைத்தது அனைவர்க்கும் பொருந்தும். 'மருந்து' என்னும் 95-ஆம் அதிகாரத்திலும் மருந்தின் பெயர்கள் பேசப்படவில்லை. அளவறிந்து உண்ணும் நெறியே முதன்மை பெறுகிறது.

மாணவர்க்கு

நண்பன் சேர்ந்தான் என்பதற்காகவே ஒரு பாடத்தைத் தேர்ந்து, மூன்றாண்டுகள் மனம் ஒட்டாது வருந்தும் மாணவர் உளர். கைப்பேசியில் இரவைக் கழித்துவிட்டுக் காலையில் சோர்வுறுவோரும் உளர். இவர்கள் தீயவர் அல்லர். தேர்ந்தெடுக்கும் உரிமையைத் தம்மை அறியாமலே பிறரிடம் ஒப்படைத்தவர்கள். உறங்கும் நேரம், செலவின் அளவு, நட்பின் எல்லை ஆகிய மூன்றையேனும் தாமே வகுத்துக்கொள்வாராயின் மாற்றம் தெரியும். வகுத்தது ஒருநாள் தவறினால் மனம் தளர வேண்டுவதில்லை. மறுநாள் மீண்டும் தொடங்கலாம். தம் வலிமைக்கு மீறிய சுமையாயின் பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ உதவி நாடுதலும் தேர்ந்த செயலே.

முடிவுரை

நீரைக் காத்தால் ஊர் வாழும். தன்னைக் காத்தால் தானும் வாழ்ந்து பிறர்க்கும் பயன்படலாம். வெள்ளம் வருமுன் கரையில் நின்று சிந்திப்போம், தேர்ந்து வாழ்வோம்.