தலைக்கேறிய சூடு

மனிதனுக்குத் தலையில் சூடு ஏறினால், சனிக்கிழமைதோறும் எண்ணெய் தேய்த்து முழுகச் சொல்வார்கள் பெரியோர்கள். மோட்டார் யந்திரத்துக்குத் தலையில் சூடு ஏறினால் என்ன செய்வது? சுற்றிலும் தண்ணீரை ஓடவிட்டுக் குளிரச் செய்வதே உலக வழக்கம். அவ்வழக்கத்தை ஏற்காமல் காற்றையே நம்பியிருந்த யந்திரம் ஒன்று உண்டு. ஜெர்மனியில் ஸ்டட்கார்ட் நகரத்துப் போர்ஷே கம்பெனியார் செய்த 911 என்னும் வண்டியின் யந்திரமே அது. 1998-ஆம் ஆண்டோடு அவ்வகை யந்திரம் செய்வது நின்றுவிட்டது. ஆயினும் அப்பழைய வண்டிகளைப் பேணி ஓட்டுவோர் பல தேசங்களிலும் இன்றும் இருக்கிறார்கள். அவர்களை உறங்கவொட்டாத கவலை ஒன்றைப் பற்றியே இங்கு எழுதப் புகுந்தோம்.

இந்த யந்திரத்தில் பக்கத்துக்கு மூன்றாக ஆறு ஸிலிண்டர்கள் எதிரும் புதிருமாகப் படுத்திருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனியே ஓர் அலுமினியத் தலை. நடுப்பெட்டியில் முறுக்கிப் பதித்த நான்கு நீண்ட தண்டுகள் ஒவ்வொரு தலையையும் ஸிலிண்டரோடு அழுத்திப் பிடிக்கின்றன. பட்டறைக்காரர் இவற்றை ஸ்டட் என்பர். ஆக மொத்தம் 24 ஸ்டட்கள். தலையும் ஸிலிண்டரும் சந்திக்குமிடத்தில் மயிரிழை இடைவெளி விழுந்தாலும் போதும். எரியும் வாயு சீறிப் பாய்ந்து அலுமினியத்தை அரித்துவிடும்.

1964-இல் இவ்வண்டி வெளிவந்தபோது அதன் சக்தி 130 குதிரை. 1974-இல் பாரிஸ் கண்காட்சியில் டர்போ வண்டி அறிமுகமாயிற்று. கழிவுப் புகையின் வேகத்தால் ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதைக் கொண்டு காற்றை அமுக்கி ஸிலிண்டருக்குள் திணிப்பதே டர்போ. 3 லிட்டர் யந்திரம் 260 குதிரைச் சக்தி தந்தது. சக்தியோடு சூடும் ஏறிற்று. 95 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள அந்த ஸிலிண்டருக்குள் சதுர சென்டிமீட்டருக்கு 70 கிலோ அழுத்தம் எழுவதாக வைத்துக்கொண்டால், தலையைப் பெயர்த்தெறியப் பார்க்கும் பலம் ஏறத்தாழ 5 டன் ஆகிறது!

“அப்படியானால் இன்னும் பலமாக முடுக்கிவிட வேண்டியதுதானே?” என்று வாசகர்கள் கேட்கலாம். அங்கேதான் சங்கடம் இருக்கிறது.

சூட்டினால் உலோகம் விரிவதை வகுப்பில் கற்பிக்கும்போது நாம் வண்டிச் சக்கரத்தைத்தான் உதாரணம் காட்டுவது வழக்கம். இரும்புப் பட்டையைக் காய்ச்சி மாட்டினால், குளிர்ந்ததும் அது மரத்தைக் கவ்விக்கொள்கிறது. ஆனால் எல்லா உலோகமும் ஒரே அளவாக விரிவதில்லை. 100 மில்லிமீட்டர் நீளமுள்ள அலுமினியம் 150 டிகிரி சூடேறினால் சுமார் 0.35 மில்லிமீட்டர் நீளும். சாதாரண எஃகோ 0.18 மில்லிமீட்டர்தான் நீளும். ஆகவே யந்திரம் காய்ந்ததும் தலையும் ஸிலிண்டரும் தாமே வளர்ந்து ஸ்டட்டை இழுக்கின்றன. முன்னரே அளவுக்கு மீறி முடுக்கிய ஸ்டட், ஒன்று நீண்டு தளர்ந்துபோகும். அல்லது பெட்டியின் மரையைப் பிய்த்துக்கொண்டு வந்துவிடும். 1970-களில் மக்னீஸியப் பெட்டி கொண்ட 2.7 லிட்டர் யந்திரங்கள் பலவற்றுக்கு இக்கதி நேர்ந்தது. டர்போவுக்கு அலுமினியப் பெட்டி கொடுத்தார்கள்.

அத்துடன், அலுமினியத்தை ஒட்டினாற்போல் விரியும் டிலாவர் என்ற கலப்பு எஃகில் ஸ்டட்கள் செய்தார்கள். யோசனை சிறந்ததுதான். ஆனால் கீழ்வரிசை ஸ்டட்கள் சாலையை நோக்கியிருப்பவை. ஈரமும் அழுக்கும் பட்டு அரிப்புக் கண்டு, ஆண்டுகள் கழித்துச் சில முறிந்தன. ஒரு வியாதிக்குக் கொடுத்த மருந்து வேறொரு வியாதியைக் கொண்டுவந்தது.

இன்று தேர்ந்த தொழிலாளி என்ன செய்கிறான்? உயர்தர எஃகினாலான, வில்போல் சற்றே நீண்டு மீளக்கூடிய ஸ்டட்களைப் போடுகிறான். நைந்த மரையை அகற்றி எஃகு மரை பதிக்கிறான். ஒரு பக்கத்து மூன்று தலைகளையும் ஒரே உயரமாகக் கடைந்து சமன்படுத்துகிறான்; ஏனெனில் மூன்றின் மேலும் ஒரே காம்ஷாப்ட் கூடு அமர்கிறது. பந்தய யந்திரமானால், வாயு தப்பாதபடி சேருமிடத்தில் பள்ளம் வெட்டி உலோக வளையம் வைப்பதும் உண்டு. முடுக்குவதையோ அளவுகாட்டும் சாவி கொண்டு, படிப்படியாகச் செய்கிறான். கைப்பலத்தை நம்புவதில்லை.

சூட்டையே குறைப்பது அதனினும் மேலான வழி. 1978-இல் 3.3 லிட்டர் டர்போவில், அமுக்கிய காற்றைக் குளிர்விக்கும் சாதனம் சேர்த்தார்கள். சக்தி 300 குதிரையாயிற்று. அதே ஆண்டு 935 என்ற பந்தய வண்டியில் கம்பெனியார் காற்றின் எல்லையை ஒப்புக்கொண்டனர். ஸிலிண்டர்களுக்குக் காற்று, தலைகளுக்குத் தண்ணீர் என்று பிரித்து, தலையையும் ஸிலிண்டரையும் எலக்ட்ரான் கதிரால் ஒன்றாகவே பற்றவைத்துவிட்டார்கள். கசிவதற்குச் சந்தே இல்லை!

இவ்வளவிலிருந்தும் நாம் அறிவது இதுதான். இறுக்கிப் பிடிப்பது மட்டும் உறுதியாகாது. உடன் இருப்பது விரியும்போது தானும் சற்று இணங்கி நீண்டு, பிடியை விடாதிருப்பதே உறுதி. பழைய வண்டி வைத்திருப்பவர் காற்றழுத்தத்தை ஏற்றிக் கூடுதல் சக்தி பெற ஆசைப்படுமுன், அந்த 24 தண்டுகளையும் ஒருமுறை எண்ணிப் பார்ப்பாராக!